நசுங்காத எலுமிச்சம்பழம்

என் இடது காலை உடைத்த மோட்டாரை அதற்கு முன்னால் நான் ஒரு முழம்கூட ஓட்டியிருக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வேகமாகப் போய் ஒரு லோரியில் மோதி விழுந்திருந்தால் டிரைவர் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். நான் விழுந்தது பூஜையில்.

அந்த வருடம் ரப்பர் விலை ஏறிக் கிடந்தது. கோலாலம்பூரில் வட்டிக்கடை வைத்திருந்த சோலையப்ப செட்டியாருக்குக் கிள்ளானைத் தாண்டி, தெலுக் பங்லிமா காராங்கிலும் ஜெஞ்சாரோமிலும் ரப்பர் தோட்டங்கள் கைக்கு வந்திருந்தன. ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்துத் தோட்டத்தை எட்டுவதற்குள் பாதிப் பகல் போய்விடும். அதனால் ஒரு அமெரிக்க மோட்டார் வாங்கினார். அதை ஓட்டுவதற்கு என்னை வேலைக்கு எடுத்தார்.

நான் கப்பலில் வந்து இறங்கியது ரோட்டுக் கூலியாக. கல் உடைத்தேன், தார் ஊற்றினேன். ரோடு போடுகிற லோரியைக் கழுவப் போய், அதன் டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டப் பழகினேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்குப் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் காரணமில்லாமல் நடந்தேன். எங்கள் ஊரில் மேலத்தெரு வழியாகப் போனால் நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே மோட்டார் ஓட்டுகிறவனை "டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார்கள், யார் மகன் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது போதும்.

மோட்டார் வந்து இறங்கிய இடம் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார்கள். பக்கத்திலேயே சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். பூஜை போடாமல் சக்கரம் உருளக்கூடாது என்று செட்டியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விற்றவர்களின் ஆள் ஓட்டிவந்து கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போனான்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் கியர் எல்லாம் காலில்தான் இருக்கும். இடது மிதியை அடிவரைக்கும் அழுத்திப் பிடித்தால் மெதுவாக, பலமாக இழுக்கும். மேடு ஏற அதுதான் வேண்டும். காலை எடுத்தால் வேகத்துக்குப் போய்விடும். டிரைவரின் வலது கைப் பக்கம் நீளமாக ஒரு கம்பி நிற்கும். அதைப் பின்னால் இழுத்து வைத்தால் வண்டி நிற்கும். முன்னால் தள்ளிவிட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டி கிளம்பிவிடும். எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒருவன் வண்டிக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அவன் பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் கம்பி பின்னால் இருக்க வேண்டும், சக்கரங்களுக்கு முன்னால் தடைக்கட்டை இருக்க வேண்டும்.

பூஜையில் இரண்டும் இல்லாமல் போயின. கட்டை இருந்த இடத்தில்தான் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று கோயிலில் பூஜை செய்யும் பண்டாரம் கட்டைகளை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தார். வண்டிக்கு உடையவர்தான் முதலில் உட்கார வேண்டும் என்று செட்டியாரை டிரைவர் இடத்தில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். நான் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினேன். "நல்ல நேரம் முடியப்போவுது, வண்டி நகரட்டும்" என்று பண்டாரம் மணியடித்தார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். செட்டியார் கையில் அகப்பட்ட கம்பியைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவர் பிரேக்கைத்தான் தளர்த்துகிறோம் என்று நினைத்திருப்பார். அதே கணத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நான் ஒதுங்கினேன், என் இடது கால் ஒதுங்கவில்லை. கோயில் படிக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. எஞ்சின் தானாக அணைந்தது. அவசரத்தில் வைத்த பழங்கள் நாலும் நசுங்காமல் துள்ளிச் சாக்கடை ஓரமாக உருண்டு கிடந்தன என்று பிறகு சொன்னார்கள். எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக நான் நசுங்கினேன்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. யாரும் தொடாமலே வண்டி பாய்ந்தது, பிள்ளையார் ரத்தம் கேட்டுவிட்டார் என்றார்கள். கொழுக்கட்டை தின்கிற சாமிக்கு என் கால் எதற்கு என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நான் பல்லைக் கடித்தேன். கூட்டம் முழுக்க வண்டிக்குப் பின்னாலும் பக்கத்திலும் நின்றது. எதிரே நின்றவன் நான் ஒருவன்தான். செட்டியாரின் கை கம்பியைத் தள்ளியதைப் பார்த்தவனும் நான் ஒருவன்தான்.

காலில் கட்டையை வைத்துக் கட்டி, கயிற்றில் பாரம் தொங்கவிட்டு என்னை மல்லாக்கப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரசர் இராமலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

"நடக்கலாம்னு சொல்றாரு. கம்பு ஊனி நடக்கலாம்."

"மிதிக்கலாமா?"

"எதை மிதிக்க?"

"மோட்டார் மிதிய."

"அதெல்லாம் வேற வேலை பாத்துக்கப்பா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

செட்டியார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாகையா, நீ ஊருக்குப் போயிடப்பா. கப்பல் சீட்டு நான் எடுத்துத் தாரேன். அங்க ஒரு பொட்டிக்கடை வச்சுப் பொழச்சுக்க. அதுக்கும் நான் பொறுப்பு."

"வண்டிய என்ன செய்யப் போறீங்க முதலாளி?"

"வித்துருவேன். ரத்தம் பாத்த வண்டி."

அவர் என்னைக் கப்பலேற்ற நினைத்தது இரக்கத்தால் மட்டும் இல்லை. நொண்டிக்கொண்டு நான் எதிரே வரும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கம்பி ஞாபகம் வரும். "நீங்கதானே தள்ளுனீங்க" என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் கௌரவம் போகும், கௌரவம் போன மனிதர் என்னை அடுத்த கப்பலிலேயே ஏற்றிவிடுவார். திரும்பிப் போய் மறுபடியும் செருப்பைக் கையில் பிடிக்க என்னால் முடியாது. அதனால் அவருக்குப் பிடிபடுகிற பாஷையில் பேசினேன்.

"பூஜை பாதியில நிக்குது முதலாளி. பழம் ஒண்ணுகூட நசுங்கல. அரைகுறைப் பூஜையோட வண்டிய வித்தா வாங்குறவனுக்கும் ஆகாது, விக்கிறவங்களுக்கும் ஆகாது."

இப்படி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. மோட்டாருக்கு ஏது சாஸ்திரம்? ஆனால் செட்டியார் ஜன்னலை விட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"தைப்பூசம் வரைக்கும் வண்டி கொட்டகையில நிக்கட்டும். அதுக்குள்ள நான் மிதிச்சுக் காட்டுறேன். முடியலேன்னா நீங்க சொல்ற கப்பல்ல ஏறிடுறேன்" என்றேன்.

அவர் யோசித்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினார். நடக்காது என்று நினைத்துத்தான் ஆட்டினார்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்து நான் தங்கியது வீரம்மா அக்கா வீட்டுப் பின்னறையில். ரயில்வே ஆட்களுக்குப் புட்டும் இடியாப்பமும் விற்றுப் பிழைப்பவள். கொட்டகைக்கு அடுத்த வீடு. புருஷன் செத்த பிறகு யாருக்கும் பயப்படாமல் பேசப் பழகியிருந்தாள். நான் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் காலைத் தடவிக்கொண்டிருப்பதைச் சில நாள் பொறுத்தாள்.

"தடவுனது போதும் லா. கன்னுக்குட்டியா அது? எந்திரிச்சு வந்து மாவு இடி" என்றாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு மிதி உரல் இருந்தது. கம்பம் என்று சொல்கிற கிராமங்களில் மலாய்க்காரர்களிடம் இருக்குமே, அது. நீளமான ஒரு கட்டை. அதன் ஒரு முனையில் உலக்கை. மறுமுனையைக் காலால் மிதித்தால் உலக்கை எழும்பும், விட்டால் உரலில் விழும். அவள் அதை ஒரு மலாய்க்காரியிடம் வாங்கி, ஊறவைத்த அரிசியை அதில்தான் இடித்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதற்கு ஒரு ஆள், உரலுக்குள் கைவிட்டு மாவைத் தள்ளிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

வேலியைப் பிடித்துக்கொண்டு இடது காலை வைத்து மிதித்தேன். கட்டை அசையவில்லை. வலி தொடைவரைக்கும் ஏறியது. வலது காலை வைத்தேன், உலக்கை சுலபமாக எழும்பியது.

"அந்தக் கால் எனக்கு வேணாம். அது உடையலையே" என்றாள் அக்கா.

எத்தனை நாள் ஆனது என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம் வரும். முதலில் உலக்கை நுனி மட்டும் அசைந்தது. பிறகு ஒரு சாண் எழும்பியது. எழும்பிய மறுநிமிஷமே கால் கைவிட்டுவிடும், உலக்கை தொப்பென்று விழும். மேலே தூக்குவது பெரிதில்லை, பிடித்து நிறுத்துவதுதான் பாடு. மோட்டார் மிதிக்கும் அதுதானே வேண்டும். ஏற்றம் முடியும்வரை அழுத்திய கால் அழுத்தியபடி இருக்க வேண்டும். நான் அதைப் புலம்பியபோது அக்கா சேலையைச் செருகிக்கொண்டு உரலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"தூக்கு. தூக்கிட்டு நிறுத்து. நான் கைய உள்ள விடப்போறேன்."

"வேணாங்க்கா."

"நிறுத்துடா."

உலக்கை எழும்பி நின்றது. அவள் சாவகாசமாக உரலுக்குள் கையை விட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்தாள். என் கால் நடுங்க ஆரம்பித்தது. "அக்கா, எடுங்க" என்று கத்தினேன். அவள் எடுப்பதற்குள் உலக்கை விழுந்தது. அவளுடைய மோதிர விரலின் நகம் பெயர்ந்துவிட்டது.

நான் அன்றைக்கு அழுதேன். கால் உடைந்தபோதுகூட நான் அழவில்லை. செட்டியார் கையால் என் கால் போனது, என் காலால் இவள் விரல் போகப் பார்த்ததே என்று நினைத்து அழுதேன். கப்பலேறிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"மாவு வேணுமே. புட்டு விக்க வேணாமா? தூக்கு" என்றாள்.

தூக்கினேன். அவள் கையை உள்ளே விட்டாள், அதே கையை. நான் வேலியைப் பிடித்த பிடியில் மூங்கில் கீறி என் உள்ளங்கை கிழிந்தது. கால் கெஞ்சியது. நான் விடவில்லை. அவள் மாவை வழித்து, புது அரிசி போட்டு, உரல் வாயைத் துடைத்துவிட்டு, "இப்ப விடு" என்று சொன்ன பிறகுதான் விட்டேன். அதற்குப் பிறகு உலக்கை அவள் கைமேல் ஒருநாளும் விழவில்லை.

ரயில்வே ஆட்கள் கேலி செய்தார்கள். "நாகையா மிதிச்ச மாவா? அப்பக் கொஞ்சம் நொண்டித்தான் இறங்கும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு குழல் புட்டைச் சேர்த்து வாங்கினார்கள்.

மத்தியானங்களில் கொட்டகைக்குப் போய் வண்டியில் ஏறி உட்காருவேன். அதன் மிதி உரல் கட்டையைவிடக் கடினம். அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆயிரம் திட்டுத் திட்டுவேன். திட்டெல்லாம் தீர்ந்து போவதற்கு முன்பே கால் சோர்ந்துவிடும். மறுநாள் மறுபடியும் உட்காருவேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் செட்டியார் வந்தார். நான் கம்பைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு எழுந்து நின்றேன்.

"நடக்கிறியே, சந்தோஷம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கிள்ளான்ல ஒரு துரை வண்டிய வாங்கிக்கிறேன்னாரு. அடுத்த கப்பல்ல உனக்கும் சீட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

நான் மாவு இடித்ததெல்லாம் புட்டுக்கு மட்டும்தானா என்று இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சரி முதலாளி. பூஜைய முடிச்சிட்டு நானே கிள்ளானுக்கு ஓட்டிட்டுப் போயி துரைகிட்ட விடுறேன். வழியில பெட்டாலிங் ஏத்தம் இருக்கு. அந்த ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சுன்னா வண்டியும் போகட்டும், நானும் போறேன். நிக்காம ஏறிட்டா ரெண்டு பேரையும் வச்சுக்கிறீங்களா?"

"வண்டியில யாரு உக்காருறது, பூஜைக்கு?"

"நீங்கதான். அன்னைக்கும் நீங்கதானே உக்காந்திருந்தீங்க."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை காலையில" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அதே கோயில் வாசலில் அதே கூட்டம் கூடியது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக. இன்னொரு கால் உடையுமா என்று பார்க்க வந்தவர்களும் இருந்திருப்பார்கள். பண்டாரம் கட்டையை எடுக்கக் குனிந்தார்.

"கட்டை இருக்கட்டும் சாமி. பழத்தைக் கட்டைக்கு முன்னால வைங்க. பிள்ளையாருக்கு ரெண்டும் தெரியும்" என்றேன்.

கட்டைகளில் கயிறு கட்டி நுனியை வீரம்மா அக்கா கையில் கொடுத்தேன். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படிக்கல் எனக்குப் பின்னால் அதே இடத்தில் இருந்தது. நிமிர்ந்து செட்டியாரைப் பார்த்தேன். என் பயத்தைவிட அவர் பயம் பெரிதாக இருந்தது. மாலையும் கழுத்துமாக, இரண்டு கையாலும் கம்பியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தார். அப்போது எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த உலகத்தில் இன்றைக்கு அந்தக் கம்பியை முன்னால் தள்ளவே மாட்டார் என்று நம்பக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். குனிந்து சுழற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நின்ற இடத்தில் நின்று உறுமியது.

நான் நொண்டிக்கொண்டே சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றேன். அவர் கம்பியை விடவில்லை.

"விடுங்க முதலாளி, நான் வந்துட்டேன்."

"விட்டா ஓடிடாதே?"

"ஓடாது. நான் இருக்கேன்."

அவர் மெல்ல விட்டு இடது பக்கம் நகர்ந்துகொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். அக்கா கயிற்றை இழுத்தாள், கட்டைகள் விலகின. கம்பியை முன்னால் தள்ளி, இடது மிதியை அழுத்தி, படிக்கல்லில் படாமல் வண்டியை ஒடித்தேன். நாலு பழமும் நசுங்கின. எலுமிச்சை வாசம் வண்டிக்குள் வந்தது. கூட்டம் தேங்காய் உடைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே நான் கிள்ளான் ரோட்டுக்குத் திருப்பிவிட்டேன். செட்டியார் பின் சீட்டுக்குப் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

சமதரையில் எல்லாம் சுகமாகப் போனது. பெட்டாலிங் ஏற்றம் வந்தது. மிதியை அடிவரைக்கும் அழுத்தினேன். வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. பாதி ஏற்றத்தில் கால் நடுங்க ஆரம்பித்தது. உரலில் அக்கா "இப்ப விடு" என்று சொல்வாள், இங்கே சொல்ல ஆளில்லை. மிதி ஒரு விரலளவு மேலே வந்தது. எஞ்சின் திணறியது. இந்த ஏற்றத்தில் நின்றால் வண்டி பின்னால் உருளும், அதோடு நானும் கப்பல்வரைக்கும் உருள வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுபடியும் அழுத்தினேன். முழங்கால் கேட்கவில்லை.

அப்போது செட்டியார் குனிந்தார். விரலில் வைர மோதிரம் போட்ட அந்த இரண்டு கைகளையும் என் முழங்காலின் மேல் வைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். மிதி கீழே போனது. வண்டி ஏறியது. எங்கள் ஊராக இருந்தால் அவருடைய நிழல் விழுகிற இடத்தில்கூட என்னை நிற்க விடமாட்டார்கள்.

"நான்தான்பா அந்தக் கம்பியத் தள்ளுனேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"தள்ளும்போதே. உங்க எதிரேதானே நின்னேன்."

அவர் தோள் குலுங்கியது. கை மட்டும் அழுத்தியபடியே இருந்தது.

"கைய எடுங்க முதலாளி" என்றேன். "கால் பாத்துக்கும்."

"முடியுமா?"

"எடுங்க."

எடுத்தார். கால் நடுங்கியது. வலி இடுப்பைத் தாண்டி ஏறியது. மிதி மேலே வரவில்லை. ஏற்றம் முடிந்து ரோடு சமமாகும் வரைக்கும் வரவில்லை. அங்கே நான் காலை எடுத்தேன். வண்டி வேகம் பிடித்தது.

கிள்ளான் ஊர் எல்லையில் வண்டியை மெதுவாக்கினேன்.

"துரை பங்களா எந்தப் பக்கம்? காத்துட்டு இருப்பாரே" என்று கேட்டேன்.

செட்டியார் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"காத்திருக்கட்டும்" என்றார். "நீ ஜெஞ்சாரோமுக்கு விடு, டிரைவர்."